எடிட்டர் வெளியே, நிரல் உள்ளே: எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

எடிட்டரில் (நிரல் எழுதும் மென்பொருளில்) திறந்த கோப்பில் ஒரு வரியை மாற்றிச் சேமிக்கிறீர்கள். மெய்நிகர் இயந்திரத்துக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உருவான இன்னொரு கணினிக்குள்) ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அதைத் தானாகவே மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏற்றவில்லை. உலாவியைப் புதுப்பித்தாலும் பழைய பக்கமே வருகிறது. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் மாற்றம் தெரிகிறது. ஆக, கோப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. அது மாறிய செய்திதான் போய்ச் சேரவில்லை.

லினக்ஸில் கோப்பு மாற்றங்களை நிரல்களுக்கு அறிவிக்கும் வசதியின் பெயர் ஐநோட்டிஃபை. 2005இல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் 2.6.13 பதிப்போடு வந்தது. ஒரு கோப்புறையைக் கவனித்துச் சொல்லும்படி நிரல் கேட்டுவைத்தால், அங்கே எது மாறினாலும் கர்னல் உடனே சொல்லும். ஆனால் தன் வழியாக நடந்த மாற்றங்களை மட்டுமே அந்தக் கர்னல் அறியும். எடிட்டர் விண்டோஸிலோ மேக்கிலோ இருந்துகொண்டு எழுதும்போது, எழுதியது வேறொரு கர்னல். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் பகிர்ந்த கோப்புறை (இரு பக்கமும் காணும் ஒரே கோப்புறை) இந்தச் செய்தியைக் கடத்துவதில்லை. என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு நெறிமுறை வழியாக இணைத்தாலும் இதே நிலைதான்.

இந்தச் சிறிய கோளாறே பெரிய கேள்விக்கு வாசல். மெய்நிகர் சூழலில் வேலை செய்கிறவர்கள் எந்த எடிட்டர் சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம் கேள்வி. ஹோஸ்ட் எனப்படும் வெளிக்கணினிக்கும் கெஸ்ட் எனப்படும் உள் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. எடிட்டரின் எந்தப் பாகம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கோடு வந்ததற்குக் காரணம் நியாயமானதே. நிரல் கடைசியில் ஓடப்போவது பெரும்பாலும் லினக்ஸ் சர்வரில். எழுதுகிறவரின் மேசையில் இருப்பதோ வேறு இயங்குதளம், நூலகங்களின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) வேறு பதிப்புகள். "என் கணினியில் ஓடுகிறதே" என்ற பதிலைக் கேட்டு அலுத்தவர்களுக்கு, 2010இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரண்ட் ஒரு விடுதலையாக இருந்தது. ஒரே ஓர் அமைவுக் கோப்பு, ஒரே கட்டளை, குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான மெய்நிகர் இயந்திரம். 2013இல் டாக்கர் வந்தபின் முழு இயந்திரத்தின் இடத்தை, நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் சேர்த்துத் தனியே அடைத்துவைக்கும் கன்டெய்னர் பிடித்துக்கொண்டது. விண்டோஸில் 2020இல் பரவலாக வந்த டபிள்யூஎஸ்எல் 2, உண்மையான லினக்ஸ் கர்னலை ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்துக் கொடுத்தது. கருவிகள் மாறினாலும் கோடு அப்படியே இருக்கிறது.

ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் மேசைக் கணினியே லினக்ஸ் என்றால், அதில் நேரடியாக ஓடும் டாக்கர் கன்டெய்னர் மெய்நிகர் இயந்திரமே அல்ல. கன்டெய்னரும் வெளிக்கணினியும் ஒரே கர்னலைப் பகிர்கின்றன. வெளியே இருக்கும் கோப்புறையை உள்ளே இணைத்தால் அது அதே கோப்பு முறைமைதான். ஐநோட்டிஃபை வேலை செய்யும், வேகம் குறையாது. கோப்புகளின் உரிமையாளர் எண் குழம்புவதைத் தவிர, கீழே வரும் புலம்பல்களில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கரை நிறுவுகிறவர்கள் தங்களுக்கும் கன்டெய்னர்தானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அந்தக் கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் திரைக்குப் பின்னால் ஓடுகிறது.

எடிட்டர் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் நான்கு வேலைகளின் தொகுப்பு. எழுத்தைத் திரையில் காட்டுவது ஒன்று. கோப்பைப் படித்து எழுதுவது இன்னொன்று. நிரலைப் புரிந்துகொண்டு, இந்தச் செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டது, இந்த மாறியின் வகை என்ன, இங்கே என்ன எழுதலாம் என்று சொல்வது மூன்றாவது. நிரலை ஓட்டி, நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்ப்பது நான்காவது. முதல் வேலைக்குத் திரையும் விசைப்பலகையும் அருகில் இருக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் நிரல் ஓடும் இடம் அருகில் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியும் இந்த இழுபறியை வேறு வேறு விதமாகத் தீர்க்கிறது.

மிகப் பழகிய முறை, எடிட்டரை முழுதாக வெளியே வைத்துக்கொண்டு திட்டக் கோப்புறையை உள்ளே பகிர்வது. வேக்ரண்ட் இயல்பாகச் செய்வதும் இதுதான். பழகிய எடிட்டர், பழகிய குறுக்குவிசைகள், எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். அதனாலேயே எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தலைவலி வருகிறது.

மாற்றச் செய்தி போகாததைப் பார்த்தோம். இதற்குப் பொதுவான மாற்றுவழி, குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாக் கோப்புகளையும் மாறியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. வெப்பேக், வீட் போன்ற வலை நிரல் கருவிகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அது வேலை செய்யும். ஆனால் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதுகூட செயலி உழைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது வேகம். பகிர்ந்த கோப்புறையில் பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பது சிரமமில்லை. சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் திறந்து மூடுவதுதான் கொல்லும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், அளவைக் கேட்கும்போதும், இருக்கிறதா என்று பார்க்கும்போதும் வேண்டுகோள் கோட்டைக் கடந்து போய்வர வேண்டும். நவீன நிரல் திட்டங்களின் சார்பு நூலகங்கள் பல்லாயிரம் சிறு கோப்புகளாகவே இருக்கின்றன. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் நிலை பார்க்கும் கட்டளையும் கண்காணிக்கும் கோப்புகள் அத்தனையையும் தொட்டுப் பார்க்கிறது. டபிள்யூஎஸ்எல் 2இல் இதை நேரடியாகவே பார்க்கலாம். லினக்ஸின் சொந்த வட்டில் இருக்கும் திட்டத்தில் ஒரு கணத்தில் முடியும் வேலை, அதே திட்டம் விண்டோஸ் வட்டில் இருந்தால் தவழ்ந்து வரும். அங்கே ஒவ்வொரு வேண்டுகோளும் 9பி என்ற நெறிமுறை வழியாகப் போய்த் திரும்புகிறது. வேலை செய்யும் இயங்குதளம் எதுவோ அதன் வட்டிலேயே கோப்புகளை வையுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே அறிவுறுத்துகிறது.

மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் இந்தச் சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. மாற்றச் செய்திகளை உள்ளே கடத்தத் தனி ஏற்பாடு செய்தது. பகிர்வு முறையை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, 2022இல் விர்டியோஎஃப்எஸ்ஸுக்கு வந்தபோது நிலைமை நன்றாகவே தேறியது. ஆனாலும் கோட்டைக் கடக்கும் செலவு குறைந்திருக்கிறதே தவிர, மறையவில்லை.

வேகத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இரண்டு கோப்பு முறைமைகளின் குணம் வேறுபடுவதால் வரும் பிழைகள் நயவஞ்சகமானவை. மேக்கும் விண்டோஸும் இயல்பு அமைப்பில் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகவே பார்க்கின்றன. லினக்ஸ் வேறாகப் பார்க்கிறது. பகிர்ந்த கோப்புறை வெளிக்கணினியின் குணத்தை உள்ளேயும் கொண்டுவருவதால், தவறான எழுத்தில் எழுதிய பெயர் இங்கே கண்டுபிடிக்கப்பட்டுவிடும். உண்மையான சர்வரில் கோப்பு இல்லை என்று விழும். எந்தப் பிழையைத் தடுக்க மெய்நிகர் சூழலை அமைத்தோமோ அதே பிழை. வர்ச்சுவல்பாக்ஸின் பகிர்ந்த கோப்புறையில் குறியீட்டு இணைப்புகளை (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்புகளை) உருவாக்குவது பாதுகாப்பு கருதி இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. சார்பு நூலகங்களை நிறுவும் கருவி அதில் முட்டி நிற்கும். வெளிக்கணினியில் நிறுவிய நூலகத்தில் இயந்திர மொழிக்குத் தொகுக்கப்பட்ட பாகம் இருந்தால், அது உள்ளே ஓடாது. வர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு பிரபலமான கோளாறும் உண்டு: சென்ட்ஃபைல் என்ற கர்னல் வசதியை வலைச் சர்வர் பயன்படுத்தினால், திருத்திய கோப்புக்குப் பதிலாகப் பழைய உள்ளடக்கமோ சிதைந்த உள்ளடக்கமோ வரும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று வேக்ரண்டின் ஆவணமே எச்சரிக்கிறது. அது தெரியாமல் உலாவியின் தற்காலிகச் சேமிப்பைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம்.

பகிர்வதற்குப் பதிலாக ஆர்சிங்க் என்ற கருவி கொண்டு நகலெடுக்கும் வழியும் இருக்கிறது. கோப்புகள் உண்மையாகவே உள் வட்டில் இருப்பதால் வேகம், மாற்றச் செய்தி இரண்டும் சரியாகிவிடும். ஆனால் வேக்ரண்டில் இந்த நகல் ஒருவழிப் பாதை: வெளியிலிருந்து உள்ளே மட்டும். உள்ளே ஒரு கருவி உருவாக்கிய கோப்பு எடிட்டரின் கண்ணில் படாது.

இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எடிட்டரின் மூன்றாவது வேலை அப்போதும் கோட்டின் தவறான பக்கத்தில்தான் இருக்கிறது. நூலகங்கள் உள்ளே, நிரலைப் புரிந்துகொள்ளும் பாகம் வெளியே. இறக்குமதி செய்யும் ஒவ்வொரு வரியின் கீழும் சிவப்புக் கோடு விழும். அதைப் போக்க வெளியேயும் அதே நூலகங்களை நிறுவுவார்கள். இப்போது இரண்டு சூழல்கள், இரண்டு பதிப்புகள். மெய்நிகர் இயந்திரத்தை அமைத்ததன் நோக்கமே இங்கே சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது.

நான்காவது வேலையைச் செய்யும் பிழைதிருத்தியின் கதை இன்னும் சுவையானது. பிஎச்பி மொழியின் பிழைதிருத்தியான எக்ஸ்டீபக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் நிரலைத் தேடிப் போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே நிரல்தான் எடிட்டரைத் தேடி வருகிறது. எடிட்டர் ஒரு போர்ட்டில் (எண்ணிட்ட பிணைய வாசலில்) காத்திருக்கும். உள்ளே ஓடும் நிரல் அதை அழைக்கும். உள்ளே லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்ற முகவரி) என்றால் கெஸ்ட் இயந்திரமேதான். எடிட்டர் இருப்பது வெளியே. ஆகவே வெளிக்கணினியின் முகவரியைச் சொல்லித்தர வேண்டும், ஃபயர்வாலைத் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் பாதைக்கும் வெளியே இருக்கும் பாதைக்கும் பொருத்தம் எழுத வேண்டும். 2020இல் வந்த எக்ஸ்டீபக் 3 இயல்புப் போர்ட்டை 9000இலிருந்து 9003க்கு மாற்றியதால், பழைய குறிப்புகளைப் பின்பற்றுகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடியது. நிறுத்தப்புள்ளி வைத்தும் நிரல் நிற்காமல் ஓடினால், பத்தில் எட்டு முறை பாதைப் பொருத்தத்தையோ முகவரியையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இதற்கு நேர் எதிர்முனை, எல்லாவற்றையும் உள்ளே வைப்பது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து, கட்டளைத் திரையான டெர்மினலிலேயே விம், ஈமாக்ஸ் போன்ற எடிட்டரை இயக்குவது. கோடு இப்போது விசைப்பலகைக்கும் எடிட்டருக்கும் நடுவில் விழுகிறது; கடப்பவை வெறும் எழுத்துகள். டெர்மினல் அமர்வைக் காத்துவைக்கும் டீமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் எடிட்டரை வைத்தால், இணைப்பு அறுந்தாலும் திறந்தவை திறந்தபடியே காத்திருக்கும். மேலே சொன்ன கோப்புத் தொல்லைகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. டெர்மினல் எடிட்டர்காரர்கள் இந்த விவாதம் முழுவதையும் புன்னகையோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இடைஞ்சல் ஒன்றுதான்: அந்த எடிட்டர்களில் கை பழகியிருக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்காகவே விம்மைக் கற்றுக்கொள்ளச் சொல்வது பொதுவாக நல்ல அறிவுரை அல்ல.

உள்ளே முழு வரைகலை மேசையை நிறுவி, அதன் சாளரத்துக்குள் எடிட்டரை ஓட்டுவது இதன் இன்னொரு வடிவம். கருத்தளவில் சுத்தமானது, நடைமுறையில் கைக்கு ஒட்டாது. திரை வரைதல் மந்தமாகும், எழுத்துரு மங்கும், வெட்டி ஒட்டுவது சில நேரம் வேலை செய்யாது, குறுக்குவிசையை வெளிக்கணினி பிடுங்கிக்கொள்ளும். நினைவகமும் இரண்டு மேசைகளுக்குப் பங்கு போகும். வேலைக்கான நிரலைத் தன் சொந்தக் கணினியில் கால்வைக்கவே விடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பவர்களுக்கு இது சரி. மற்றவர்கள் கடந்து போகலாம்.

மூன்றாவது வழி, எடிட்டரையே இரண்டாகப் பிளப்பது. இதற்கு வேண்டிய அடித்தளம் 2016இல் விழுந்தது. மொழிச் சேவைய நெறிமுறை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஏற்பாட்டில், நிரலைப் புரிந்துகொள்ளும் பாகம் மொழிச் சேவையம் என்ற தனிச் செயல்முறையாகப் பிரிந்தது. எடிட்டர் அதோடு செய்திகளால் பேசியது. தனிச் செயல்முறை என்று ஆகிவிட்டால் அது ஒரே கணினியில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? 2019 மே மாதம் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு எடிட்டருக்கு வந்த தொலை நீட்சிகள் (வேறு இயந்திரத்தோடு இணைக்கும் கூடுதல் பாகங்கள்) அந்தக் கேள்விக்கு முழு வடிவம் கொடுத்தன. எஸ்எஸ்எச், கன்டெய்னர், டபிள்யூஎஸ்எல் என மூன்று வாசல்கள். எதன் வழியாக நுழைந்தாலும், எடிட்டர் தன் சர்வர் பாகத்தை உள்ளே நிறுவிக்கொள்கிறது. கோப்பைப் படிப்பது, தேடுவது, கிட், டெர்மினல், பிழைதிருத்தி, மொழி நீட்சிகள் எல்லாம் உள்ளே. சாளரம், வண்ணத் திட்டம், குறுக்குவிசை ஆகியவை வெளியே. ஜெட்பிரெயின்ஸின் கேட்வேயும் பின்னால் வந்த செட் எடிட்டரும் இதே எண்ணத்தைத் தங்கள் பாணியில் செய்கின்றன.

இங்கே கோடு திரைக்கும் அறிவுக்கும் நடுவே விழுகிறது. கோப்பு முறைமையை அது வெட்டவில்லை. அதனால்தான் பெரும்பாலானோருக்கு இதையே நான் முதலில் சொல்வேன். திட்டக் கோப்புகள் கெஸ்ட்டின் சொந்த வட்டில் இருக்கின்றன. ஐநோட்டிஃபை தானாக வேலை செய்கிறது. பிழைதிருத்தியும் நிரலும் ஒரே லோக்கல்ஹோஸ்ட்டில் சந்திக்கின்றன. உள்ளே திறக்கும் போர்ட்டுகளை எடிட்டரே வெளியே கொண்டுவந்து தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. கோப்புகள் உண்மையாகவே உள்ளே இருக்க வேண்டும். பகிர்ந்த கோப்புறையை விடாமல், அதன் மேல் தொலை நீட்சியையும் போட்டுக்கொண்டு, இன்னும் மெதுவாகவே இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு முறைகளின் செலவையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

இதற்கும் விலை உண்டு. எஸ்எஸ்எச் வழியில் கெஸ்ட்டுக்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகம் தேவை, 2 ஜிபியும் இரண்டு செயலிக் கருக்களும் இருப்பது நல்லது என்கிறது விஎஸ் கோடின் ஆவணம். பெரிய திட்டத்தில் மொழிச் சேவையம் மட்டுமே அதைத் தின்றுவிடும். சிக்கனமாக 512 எம்பி கொடுத்து அமைத்த பழைய மெய்நிகர் இயந்திரம் திணறும். கெஸ்ட்டின் வயதும் முக்கியம். 2024 தொடக்கத்தில் வந்த விஎஸ் கோடின் 1.86 பதிப்பு, உள்ளே கிலிப்சி என்ற லினக்ஸ் அடிப்படை நூலகம் 2.28ஆவது இருக்க வேண்டும் என்று கேட்டது. சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 18.04 போன்ற பழைய அமைப்புகளோடு வேலை செய்தவர்களுக்கு ஒரே புதுப்பிப்பில் கதவு மூடிக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் தற்காலிகமாக அவகாசம் தந்தது. பழைய சர்வரை அப்படியே பிரதியெடுத்த சூழலில்தான் வேலை என்றால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். டெர்மினல் விம்முக்கு இந்தக் கவலை கிடையாது.

உரிமமும் கவனிக்க வேண்டியது. விஎஸ் கோடின் மூலநிரல் திறந்தது. அதன் தொலை நீட்சிகள் அப்படியல்ல. மைக்ரோசாஃப்டின் சொந்த வெளியீட்டில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறது. விஎஸ்கோடியம் போன்ற சுதந்திரக் கட்டமைப்பை விரும்புகிறவர்கள் சமூகம் எழுதிய மாற்று நீட்சிகளைத் தேட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிப் பரவலான ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிரலை மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்துத் தொலை நீட்சியால் திறந்தால் வெளிக்கணினி பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். உள் இயந்திரம் கைப்பற்றப்பட்டால், இந்த இணைப்பு வழியாகவே வெளிக்கணினியில் கட்டளை ஓட்ட முடியும் என்று எஸ்எஸ்எச் நீட்சியின் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. எஸ்எஸ்எச் சாவிகளை உள்ளிருந்தும் பயன்படுத்தவிடும் வசதியையும் இயக்கியிருந்தால், இணைப்பு இருக்கும்வரை உள்ளே இருப்பவர் உங்கள் பெயரில் வேறு இயந்திரங்களுக்குள் நுழையலாம். கன்டெய்னருக்குள் டாக்கரின் கட்டுப்பாட்டு சாக்கெட்டை இணைத்துக் கொடுப்பது, டாக்கர் ஓடும் இயந்திரத்தின் முழு நிர்வாக உரிமையையும் கொடுப்பதற்குச் சமம். இந்த ஏற்பாடு வசதிக்கானது. தீங்கு செய்யும் நிரலை ஆராயும் கூண்டாக இதை நினைத்துவிடக் கூடாது.

கன்டெய்னர் வாசலில் மட்டும் கோப்பு எங்கே என்ற கேள்வி மறுபடி தலைகாட்டும். திட்டத்தில் ஓர் அமைவுக் கோப்பை வைத்துவிட்டால், எடிட்டரே கன்டெய்னரைக் கட்டி, நீட்சிகளை நிறுவித் திறந்துவிடுகிறது. 2022இல் இது திறந்த வரையறையாக வெளியிடப்பட்டதால் வேறு கருவிகளும் புரிந்துகொள்கின்றன. புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே வேலை தொடங்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியே இருக்கும் திட்டத்தைத் திறந்தால், மேக்கிலும் விண்டோஸிலும் அது பழைய பகிர்ந்த கோப்புறைதான். திட்டத்தை, டாக்கர் தானே வைத்துக்கொள்ளும் சேமிப்பிடமான வால்யூமுக்குள் நகலெடுத்துத் திறக்கும் தேர்வு தனியாக இருக்கிறது. வேகம் வேண்டுமானால் அதுதான். விண்டோஸில் திட்டத்தை டபிள்யூஎஸ்எல் வட்டில் வைத்து அங்கிருந்து திறப்பதும் அதே பலனைத் தரும். லினக்ஸில் இந்த அலைச்சல் தேவையில்லை. உள்ளே நிர்வாகக் கணக்கில் ஓடும் கன்டெய்னர் உருவாக்கும் கோப்புகள் வெளியே உங்களால் அழிக்க முடியாதவையாகிவிடும் என்பதை மட்டும் கவனித்து, உள்ளே உங்கள் எண்ணோடு ஒத்த பயனர் கணக்கை அமைத்துக்கொள்ளுங்கள்.

உலாவிக்குள்ளேயே எடிட்டரைத் திறக்கும் மேகச் சேவைகளும் இதே பிளவின் நீட்டல்தான்; 2021இல் பொதுவாகக் கிடைக்கத் தொடங்கிய கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் அவற்றில் பரவலாக அறியப்பட்டது. கணினி மெலிந்ததாகவும் இணையம் உறுதியாகவும் இருந்தால் பொருந்தும். எஸ்எஸ்எச்எஃப்எஸ் கொண்டு உள் கோப்புறையை வெளியே இணைப்பது பகிர்ந்த கோப்புறையைத் தலைகீழாகத் திருப்புவதுதான். அதே நோய்கள் பக்கம் மாறி வரும். ஈமாக்ஸில் டிராம்ப் என்ற வசதி விஎஸ் கோடுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொலைக் கோப்புகளை உள்ளூர்க் கோப்புகள்போல் திறந்து காட்டியது. அவ்வப்போது ஒரு கோப்பைத் திருத்த இன்றும் அருமையானது. நாள் முழுவதும் பெரிய திட்டத்தில் உட்கார்ந்திருக்க அது போதாது என்பது என் கருத்து.

பகிர்ந்த கோப்புறை முறை செத்துவிட்டதா என்றால், இல்லை. சில நூறு கோப்புகள் கொண்ட திட்டம், தொகுக்க வேண்டாத மொழி, பிழைதிருத்தியை அதிகம் நாடாத வேலை என்றால் அது போதும். கோப்புகள் வெளியே இருப்பதில் ஓர் ஆறுதலும் உண்டு: உள் இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், வேலை பத்திரம். எல்லாவற்றையும் உள்ளே வைத்தவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கிட் வழியாக வெளியே தள்ளாத மாற்றம் எல்லாம் அந்த மெய்நிகர் வட்டோடு போய்விடும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் அதைச் சோதிப்பது எளிது. ஒரு கோப்பைச் சேமித்து, சர்வர் தானாக ஏற்றுகிறதா என்று பாருங்கள். கிட் நிலைக் கட்டளையை உள்ளேயும் வெளியேயும் ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள். பிறர் எழுதிய ஒரு நூலகச் செயற்கூற்றின் மேல் சுட்டியை வைத்து, வரையறைக்குத் தாவச் சொல்லுங்கள். தாவிய கோப்பு உள்ளே நிறுவிய பதிப்பா என்று பாதையைப் படியுங்கள். ஒரு நிறுத்தப்புள்ளியில் நிரல் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நல்லதொரு வேலை நாளின் நடுவில், மெய்நிகர் இயந்திரத்தை அழித்து மறுபடி கட்டுங்கள். அந்தக் கட்டளையை அடிக்குமுன் கை தயங்கினால், எந்தக் கோப்பை நினைத்துத் தயங்கியது என்று குறித்துக்கொண்டு, அதை முதலில் கிட்டுக்குள்ளோ அமைவுக் கோப்புக்குள்ளோ கொண்டுவாருங்கள்.